காய்ந்ததா, மக்கியதா?

மாடித் தோட்டம் போடும் நம்மவர்கள் திருவனந்தபுரத்துக் கடைகளில் மூட்டையாக வாங்குவது 'சாணகப்பொடி'. பெயரிலேயே விஷயம் இருக்கிறது: அது சாணப்பொடி, மக்கிய எரு என்று யாரும் சொல்லவில்லை. வெயிலில் காய்ந்து உதிர்ந்த சாணம் பார்வைக்கு எருவைப் போலவே இருக்கும். தொட்டியில் தண்ணீர் பட்டதும் நின்றுபோன மக்கல் மறுபடி தொடங்கும். நுண்ணுயிர்கள் செடிக்குரிய தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். அம்மோனியா இளவேரைக் கருக்கும். நாற்று மஞ்சளானதும் நாம் பூச்சிமருந்து தேடுவோம்!

2011 டிசம்பரில் விளப்பில்சாலைக் குப்பை ஆலை மூடப்பட்டபின் நகரில் 'தும்பூர்முழி' தொட்டிகள் பரவின. சாணமும் சருகும் கழிவும் அடுக்கி மக்கவைக்கும் அந்த முறையில் 90 நாள் கணக்கு. ஆனால் நாள் கணக்கு மட்டும் போதாது. நம் ஊர் மழையில் நனைந்து ஊறிய குவியலும் குளிர்ந்துதான் இருக்கும். குளிர்ச்சியை மட்டும் நம்பாதீர்கள்.

குவியலைப் பிழிந்த துணியின் ஈரத்துக்குக் கொண்டுவந்து கிளறிவிடுங்கள். மூன்றாம் நாள் நடுவில் இரும்புக் கம்பியைச் செருகிப் பத்து நிமிடம் கழித்து எடுத்துத் தொடுங்கள். சூடு இருந்தால் வேலை முடியவில்லை. வாங்கிய மூட்டையானால், ஒரு பிடியை அதே ஈரத்தில் பாலிதீன் பையில் கட்டி மூன்று நாள் வையுங்கள். திறந்ததும் தொழுவத்து மூத்திர நெடியோ அழுகலோ வந்தால் ஆகாது. மழைபெய்த மண்ணின் வாசனை வரவேண்டும்.

நான் அதிகம் நம்புவது விதைச் சோதனையை. இரண்டு சிரட்டைகளை எடுத்து, ஒன்றில் வெறும் மண்ணும் மற்றதில் பாதிக்குப் பாதி எருவும் மண்ணும் நிரப்பி, இரண்டிலும் 25 கீரை விதை தூவுவேன். பயறு வேண்டாம், பெரிய விதை பச்சைச் சாணத்தையும் தாங்கிக்கொண்டு நம்மை ஏமாற்றும். மண்ணில் 20 முளைத்தால் எருவிலும் 16 ஆவது முளைக்கவேண்டும். வேர்நுனி கருகாமல் இருக்கவேண்டும்.

ஆய்வுக்கூடத்தில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் பார்ப்பார்கள். 20க்குக் கீழே நல்லது என்பார்கள். கோழி எச்சத்துக்கு இது ஒன்றே போதாது. அது பச்சையாகவே 20க்குக் கீழேதான் இருக்கும்.

தேறாத எருவை எறிய வேண்டாம். சருகு கலந்து, ஓலையால் மூடி, வாரம் ஒருமுறை கிளறி மீண்டும் சோதியுங்கள். கிளறும்போது வெள்ளையாக, வளைந்து, தடித்த புழுக்கள் கிடந்தால் பொறுக்கி அழித்துவிடுங்கள். தென்னங்குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டின் குஞ்சுகளாக இருக்கலாம்.