தசைச் சிதைவு நோயும் நுண்தராசும்



தராசு பிடித்துப் பிழைக்கும் சமூகம் நாம். நிறுவையில் குறை செய்யலாகாது என்பது மார்க்கம் நமக்கு விதித்த கடமை. விஞ்ஞானிகளிடமும் ஒரு தராசு உண்டு. அணுவையும் மூலக்கூற்றையும் நிறுக்கும் அதற்கு 'மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்' என்று பெயர். 1919ல் இங்கிலாந்தில் ஆஸ்டன் என்பார் அதைத் திருத்தமாக அமைத்து, 1922ல் நோபல் பரிசும் பெற்றார்.

அதன் ஒரு வகை வேலை செய்யும் விதம் யாதெனில், மூலக்கூறுகளுக்கு மின்சாரம் ஏற்றி வெற்றிடத்தில் ஓடவிடுகிறார்கள். எடை குறைந்தது முந்தும், மிகுந்தது பிந்தும். வந்துசேரும் நேரத்தைக் கொண்டு, இன்ன பொருள் என்று அறிந்துகொள்கிறார்கள்.

இது நம் பிள்ளைகளுக்கு எவ்வாறு பயன்படும்? டூஷேன் தசைச் சிதைவு என்னும் நோய் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளையே தாக்குகிறது. மூன்று, நான்கு வயதில் அடிக்கடி விழுவான்; தொடையில் கை ஊன்றி எழுவான்; கெண்டைக்கால் பருத்திருக்கும். அதைப் பலமென்று எண்ணி ஏமாறுவோரும் உண்டு. தசைநாரின் உறையைத் தாங்கும் டிஸ்ட்ரோஃபின் என்னும் புரதம் உடலில் உண்டாகாமையே காரணமென 1987ல் தெளிவாயிற்று. உறை கிழிந்து நார் மடிய, அவ்விடத்தில் கொழுப்பு சேர்கிறது.

எந்தக் கொழுப்பு, எங்கே? 2008ல் பிரான்சு நாட்டு ஆராய்ச்சியாளர்கள், நோயுற்ற சிறுவர்களின் தசைத் துணுக்குகளை இக்கருவியில் ஆராய்ந்து, கொழுப்பின் படமே வரைந்தார்கள். மிகவும் சிதைந்த பகுதிகளில் பாஸ்போகோலினும் கொலஸ்ட்ராலும் ஸ்பிங்கோமயலினும் குவிந்திருந்தன. வைட்டமின் 'ஈ' செல்களின் உள்ளேயே காணப்பட்டது. கொழுப்பமிலங்களின் விகிதமும் இடத்துக்கு இடம் மாறியது. அதைக் கொண்டு சேதத்தின் அளவை மதிப்பிட முடிந்தது. சரக்கு எவ்வளவு கெட்டதென்று தெரிந்தால்தானே கணக்கு நேராகும்? மருந்து பலிக்கிறதா என்று பார்க்கவும் இவ்வளவை உதவக்கூடும்.

ஆயினும் இது ஆராய்ச்சிக் கருவி. நோயை உறுதிசெய்வது இரத்தமும் மரபணுவும் பார்க்கும் சோதனையே. முற்றும் நீக்கும் மருந்து இன்னும் இல்லை. ஸ்டீராய்டு மருந்தும் தக்க பயிற்சியும், பிள்ளை நடக்கும் காலத்தை நீட்டிக்கும்.

ஒன்றை வலியுறுத்திச் சொல்கிறோம். பிள்ளையைப் பெற்ற உம்மாவைக் குறை சொல்லாதீர்கள். பழுது தாய்வழி வரலாம். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகளுக்கு அது புதிதாகவே தோன்றுகிறது. இரண்டிலும் அவள் குற்றம் ஏதுமில்லை. சொந்தத்தில் கலியாணம் செய்ததும் இந்நோய்க்குக் காரணமன்று. வேறு சில தசை நோய்களுக்கே அது வழிகோலும். பிள்ளையின் சகோதரிமார் நிக்காஹ்வுக்கு முன் சோதித்துக்கொள்வது நலம்.

பத்து காவானிலிருந்து தீவுக்குப் பாலம் 2014லேயே திறந்தாயிற்று. பெரிய ஆஸ்பத்திரி எட்டாத தூரமன்று. தாயத்தைக் கட்டிக் காலம் கடத்தாமல், பிள்ளையைக் காட்டுவோம். துஆவும் செய்வோம், மருந்தும் தேடுவோம். இரண்டும் நம் கடமையே.