டாஸ்மாக் திறந்தது, கோயில் ஏன் திறக்கவில்லை?

கேள்வி: 2020 கொரோனா ஊரடங்கில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக்கூட சங்கரன்கோவிலில் எங்களை உள்ளே விடவில்லை. டாஸ்மாக் மதுக்கடைகளை மட்டும் மே மாதமே திறந்துவிட்டார்கள். வழிபாடு அடிப்படை உரிமை என்கிறார்களே, அரசு அதை எப்படி நிறுத்திவைக்க முடிந்தது?
– வாசகர், வாசுதேவநல்லூர்

பதில்: ஒரே கடிதத்தில் இரண்டு கேள்விகளை அனுப்பியிருக்கிறீர்கள். முதலாவதற்குப் பதில் சுலபம். டாஸ்மாக் சங்கதிதான் வில்லங்கமானது.

'அது நெருக்கடிக் காலம், உரிமையெல்லாம் அப்போது கிடையாது' என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ். அரசியல் சட்டப்படி நெருக்கடி நிலை அறிவிக்கப்படவே இல்லை. இதை உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது, மதுரை சமயநல்லூர் காவல் நிலையம் தொடர்பான ஒரு ஜாமீன் வழக்கில். 2020 ஜூன் 19 தீர்ப்பு அது. ஊரடங்கை நெருக்கடி நிலையோடு ஒப்பிட முடியாது என்று சொல்லி, சென்னை உயர் நீதிமன்றத்தின் மாறான பார்வையை நிராகரித்தது.

அப்படியானால் கோயில் கதவு எப்படி அடைபட்டது? மத சுதந்திரம் தரும் 25-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு என்றுதான் அந்த வாக்கியமே தொடங்குகிறது. உரிமையைத் தரும்போதே வேலியையும் போட்டுத்தான் தந்திருக்கிறார்கள். நம் ஊருக்கு இது புதிதும் அல்ல. 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே திருவிழாக்களுக்கும் சந்தைகளுக்கும் தனி அத்தியாயம் உண்டு. கூட்டத்தோடு காலராவும் ஊர் ஊராகப் போன காலம் அது.

தடை விழுந்தது கூட்டத்துக்கு, பூஜைக்கு அல்ல. 2020 மே 4 அன்று மதுரை மீனாட்சி திருக்கல்யாணம் சில பட்டர்களை மட்டும் வைத்து நடந்தது. ஊரே நேரலையில் பார்த்தது.

ஆனால் 'சுகாதாரம்' என்று சொல்லிவிட்டால் எதையும் தடுத்துவிடலாமா? முடியாது. நீதிமன்றங்கள் இதற்கு வைத்திருக்கும் அளவுகோலுக்கு விகிதாசாரக் கோட்பாடு என்று பெயர். ஆபத்து எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் தடை. அதைவிடக் குறைந்த தடையில் காரியம் ஆகுமானால் அதைத்தான் பிடிக்க வேண்டும். 2020 ஜூலையில் ஆண்டு வருமானம் 10,000 ரூபாய்க்குக் குறைந்த கிராமக் கோயில்களை முதலில் திறந்தார்களே, அது இந்தக் கணக்குதான். உண்டியல் சின்னதென்றால் கூட்டமும் சின்னது என்று பார்த்திருக்கிறார்கள். கொஞ்சம் வேடிக்கையான அளவு, ஆனாலும் அளவு. பெரிய கோயில்கள் செப்டம்பர் 1 வரை காத்திருந்தன.

இந்தச் சோதனையில் படுதோல்வி கண்ட தடை ஒன்று இலங்கையில் உண்டு. 2020 ஏப்ரலில் கொரோனாவால் இறந்தோர் எல்லோரையும் எரித்தே ஆக வேண்டும் என்று அந்த அரசு விதித்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. முஸ்லிம் குடும்பங்கள் அடக்கம் செய்யும் உரிமையை இழந்து தவித்தன. 2021 பிப்ரவரியில்தான் விதி மாறியது. மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் இடம் ஒதுக்கினார்கள். 2024 ஜூலையில் இலங்கை அமைச்சரவை மன்னிப்பும் கேட்டது. நோயைத் தடுக்காமல் மதத்தை மட்டும் காயப்படுத்திய தடை அது.

இனி டாஸ்மாக். 2020 மே 7-இல் திறந்த கடைகளில் சமூக இடைவெளி காற்றில் பறந்ததால், மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. மே 15-இல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதிக்க, கடைகள் மீண்டும் திறந்தன. பாட்டிலை வாங்கியவர் உடனே போய்விடுவார், கோயிலில் நெடுநேரம் நெருங்கி நிற்பார்கள் என்று வாதிடலாம். அந்த வரிசைகளைப் பார்த்தவர் யாரும் இதை முழுசாக ஏற்க மாட்டார். திறந்ததற்குக் காரணம் வருவாய்தான். அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கும் உங்கள் சந்தேகமே வந்தது. நியூயார்க்கில் தேவாலயத்துக்கு 10 பேர், 25 பேர் என்று வரம்பு, பல கடைகளுக்கு வரம்பே இல்லை. 2020 நவம்பரில் அந்த வரம்பை நிறுத்திவைத்தது.

ஆக, கோயிலை மூட அரசுக்கு அதிகாரம் இருந்தது. ஆபத்து ஒன்றாக இருக்கும்போது கடைக்கு ஒரு நியாயம், கோயிலுக்கு ஒரு நியாயம் என்று நடக்க அதிகாரம் இல்லை. இனி இப்படி நேர்ந்தால் 226-ஆவது பிரிவின்கீழ் ரிட் மனு போடலாம். உங்கள் தென்காசி மாவட்டத்துக்கு உரியது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை.