கணக்குக் கேட்ட அம்மையார்

நீலமலையின் அடிவாரத்தில், பவானியாற்றின் கரையில் அமைந்துள்ள ஊர் மேட்டுப்பாளையம். அது உருளைக்கிழங்கு மண்டிகளுக்குப் பெயர் பெற்றது. மலையில் விளைந்த கிழங்கை ஆங்குக் கொணரும் உழவர், மூட்டை எத்தனை, எடை எவ்வளவு, ஏலத்தில் போன விலை யாது எனக் கேட்டறிந்த பின்னரே ஊர் திரும்புவர். தம் பொருளுக்குக் கணக்குக் கேட்பது குற்றமன்று. அங்ஙனமாயின், மக்கள் செலுத்தும் வரிப்பணத்திற்கு மக்களே கணக்குக் கேட்டல் தகாதோ? இவ்வினாவை எழுப்பி, விடை காணவும் உழைத்தோருள் ஒருவர் அருணா ராய் அம்மையார்.

அம்மையார் 1946ஆம் ஆண்டில் சென்னையில் பிறந்தார். தில்லிப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் பயின்று, 1968இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்தார். பலரும் விழையும் அப்பதவியைச் சில ஆண்டுகளில் துறந்து, இராசத்தானத்துச் சிற்றூர்களில் தொண்டு செய்யலானார். 1987இல் சங்கர் சிங், நிகில் டே ஆகியோருடன் தேவதூங்கிரி என்னும் ஊரில் ஒரு மண்குடிசையில் குடியேறினார். 1990 மே 1ஆம் நாள் உழவரும் தொழிலாளரும் கூடி அமைத்த ‘மசுதூர் கிசான் சக்தி சங்கதன்’ என்னும் சங்கம் தோன்றிற்று.

அப்பகுதி மழை குன்றியது. அரசு நடத்திய சாலைப் பணியிலும் குளப் பணியிலும் கூலி பெற்றே ஏழையர் வாழ்ந்தனர். சட்டம் வரையறுத்த கூலி அவர்கட்கு முழுமையாகக் கிட்டவில்லை. காரணம் கேட்டபொழுது, அவர்கள் செய்த வேலை குறைவு என்று பதிவேடு காட்டுவதாக அலுவலர் கூறினர். பதிவேட்டைக் காட்டுக என்றபொழுதோ, அஃது இரகசியம் என மறுத்தனர். ஏழையின் கூலி மறைந்திருந்த இடம் அப்பதிவேடே என்பதை மக்கள் உணர்ந்தனர்.

1994ஆம் ஆண்டின் இறுதியில் சங்கத்தார் ஊர்ப் பொதுமன்றங்களைக் கூட்டினர். அரிதின் முயன்று பெற்ற பதிவேடுகள் ஆங்கு உரக்கப் படிக்கப்பட்டன. இறந்தோர் பெயரிலும் ஊரில் இல்லாதார் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்தது! முற்றுப்பெறாத கட்டடங்கள் முடிந்தனவாகக் காட்டப்பட்டிருந்தன. எழுத்தறியாத மக்களும் அஞ்சாது எழுந்து சான்று பகர்ந்தனர்.

கணக்குப் படிகளை மக்கள் பெறலாம் என 1995இல் இராசத்தான் அரசு அறிவித்தது. ஆயினும் அது செயற்படவில்லை. எனவே, 1996 ஏப்ரலில் பியாவர் நகரில் மக்கள் 40 நாள் அறப்போர் நிகழ்த்தினர். “எங்கள் பணம், எங்கள் கணக்கு” என்பதே அவர்தம் முழக்கம். ஏழையர் தம்மிடமிருந்த தானியத்தையும் காசையும் அறப்போருக்கு ஈந்தனர்.

தமிழ்நாட்டிலும் 1997இல் தகவல் பெறும் உரிமைக்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் அதில் விலக்குகள் மிகுதி. பலருடைய இடையறா உழைப்பின் பயனாக, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் நடைமுறைக்கு வந்தது. குடிமகன் எவனும் 10 ரூபாய்க் கட்டணத்துடன் மனு அளித்து, 30 நாளுக்குள் விடை பெற இது வழி செய்தது. உயிரையோ விடுதலையையோ சார்ந்த செய்தியாயின் 48 மணி நேரத்திற்குள் விடையளித்தல் வேண்டும். மேட்டுப்பாளையத்துத் தெருவொன்றில் சாலை போடச் செலவான தொகையையும் இவ்வாறு கேட்டறியலாம்.

அம்மையாருக்கு 2000ஆம் ஆண்டில் மகசேசே விருது கிடைத்தது. உண்மையைக் கேட்டமைக்காக உயிரிழந்தோரும் இந்நாட்டில் உளர் என்பதை மறத்தலாகாது. ஊழல் இருளில் வளர்வது. கணக்கு வெளிச்சத்திற்கு வருமாயின் அது தேயும். ஆகவே, அஞ்சாது வினவுதலும், வினவியதற்கு நேர்மையாக விடையிறுத்தலும் குடியாட்சியின் இரு கண்களாம்.