வைஃபை வேலை செய்யாத கணினி: பழுதைப் படிப்படியாகக் கண்டறிவோம்

இடம்பெயர்ந்து வந்து வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகைக்கு இருக்கும் குடும்பங்கள், பிள்ளைகளின் படிப்புக்காகப் பழைய மடிக்கணினி ஒன்றை வாங்குவதுண்டு. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14உடன் முடிந்துவிட்டது. ஆகவே அதில் இலவசமான லினக்ஸை ஏற்றுகிறார்கள். எல்லாம் இயங்குகிறது, வைஃபை மட்டும் இல்லை. "மெசின் பழுது" என்று யாரோ சொல்ல, குடும்பம் மறுபடியும் கடன்படுகிறது. இக்கடனைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

தோட்டத்தில் இறைப்பு இயந்திரம் தண்ணீர் தராவிட்டால் உடனே புதிது வாங்கமாட்டோம். கிணற்றில் நீர் உண்டா, எண்ணெய் உண்டா, குழாயில் ஒழுக்கு உண்டா என ஒவ்வொன்றாகப் பார்ப்போம். இங்கும் அதே முறைதான். ‘டெர்மினல்’ என்ற கட்டளைப் பலகையைத் திறந்து, ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் கட்டளைகளை எழுத வேண்டும்.

1. பூட்டியிருக்கிறதா?
ஆர், எஃப் எழுத்துகளுடன் ‘கில்’ என்ற சொல்லைச் சேர்த்து, இடைவெளி விட்டு ‘லிஸ்ட்’ என எழுதுங்கள். ‘ஹார்ட் புளொக்ட்: யெஸ்’ என்று வந்தால், பக்கத்திலுள்ள ஆளியையோ வைஃபை அடையாளமுள்ள விசையையோ பாருங்கள். ‘சொஃப்ட் புளொக்ட்: யெஸ்’ என்றால், ‘லிஸ்ட்’ இருந்த இடத்தில் ‘அன்புளொக் ஓல்’ என எழுதித் திறக்கலாம்.

2. அட்டை தெரிகிறதா?
எல், எஸ், பி, சி, ஐ என ஐந்து எழுத்துகளையும் சேர்த்து எழுதி, இடைவெளி விட்டுச் சிறுகோடும் கே எழுத்தும் இடுங்கள். ‘நெற்வேர்க் கொன்ட்ரோலர்’ என்ற வரியில் அட்டையின் பெயர் இருக்கும். உள்ளே பொருத்திய அட்டை அங்கே தெரியாவிட்டால், அது கழன்றோ பழுதாகியோ இருக்கலாம்.

3. டிரைவர் உண்டா?
டிரைவர் என்பது அட்டையை இயக்கும் மென்பொருள். அதே வரியின் கீழ் ‘கேர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்ற வரி இல்லையென்றால், டிரைவர் இயங்கவில்லை.

4. ஃபேர்ம்வெயர் உண்டா?
பல அட்டைகளுக்கு டிரைவருடன் இச்சிறு கோப்பும் தேவை. முன்னால் ‘சூடோ’ எழுதி, இடைவெளி விட்டு டி, எம், இ, எஸ், ஜி என இடுங்கள். ‘ஃபேர்ம்வெயர்’ என்ற சொல்லுக்கு அருகே ‘ஃபெயில்ட்’ என்றிருந்தால் குறை அங்கேதான். 2023இல் வெளிவந்த டெபியன் 12 முதல் இக்கோப்புகளிற் பல நிறுவும் வட்டிலேயே உண்டு. ஆகவே புதிய பதிப்பை ஏற்றினாலே சில வேளைகளில் குறை தீரும்.

வைஃபை இல்லாமல் டிரைவரை எப்படி இறக்குவது? கைத்தொலைபேசியைக் கேபிளால் இணைத்து, ‘யூ.எஸ்.பி. டெதரிங்’ வசதியை இயக்குங்கள்.

இச்சிக்கல் ஏன் வந்தது? புரோட்கொம் போன்ற நிறுவனங்கள் நெடுங்காலம் தம் அட்டைகளின் விபரங்களை வெளியிடவில்லை. தன்னார்வலர்களே அவற்றின் செயற்பாட்டை ஆராய்ந்து டிரைவர் எழுதினார்கள். அது 2006இல் லினக்ஸில் சேர்ந்தது. 2010இல் அந்நிறுவனமே புதிய அட்டைகள் சிலவற்றுக்குத் திறந்த டிரைவரை வெளியிட்டது. ஒருவர் கண்டறிந்ததைப் பலரோடு பகிர்ந்ததன் பலன் இது.

நாமும் அவ்வாறே செய்வோம். கணினியின் வகை, அட்டையின் பெயர், தீர்ந்த வழி ஆகியவற்றைச் சங்கத்தின் கொப்பியில் எழுதி வைத்தால் அடுத்த குடும்பத்துக்கு உதவும். இனி வாங்குவோர், பென்டிரைவில் லினக்ஸைக் கொண்டுபோய்க் கடையிலேயே இயக்கி, வைஃபை இணைகிறதா என்று பார்த்தபின் பணத்தைக் கொடுங்கள்.

கலந்துரையாட:
1. சரியாகச் சோதிக்காமல் நாம் கழித்துவிட்ட பொருட்கள் எவை?
2. நம் குழுவில் இக்கொப்பியைப் பொறுப்பேற்கக்கூடிய இளைஞர் யார்?