கங்கைச் சமவெளியின் களர்நிலம்: அதன் இயல்பும் திருத்தமும்

வடஇந்தியாவில் கங்கைக்கும் யமுனைக்கும் இடைப்பட்ட பிரதேசத்திலும், அதற்கு மேற்கே ஹரியானா, பஞ்சாப் ஆகிய இடங்களிலும், ஆறுகள் கொண்டுவந்து படியவைத்த வண்டல் பூமி வெகுதூரம் பரந்து கிடக்கின்றது. மண் ஆழமானது, கல் இல்லை, மேடுபள்ளமும் அதிகமில்லை. அப்படியிருந்தும் அதன் நடுவே பயிர் என்பதையே காணாத வெளிகள் பல உண்டு. அவ்விடத்து ஜனங்கள் அவற்றை ஊஸர் என்பர். மழைக்காலத்தில் அங்கங்கே முரட்டுப்புல் தலைகாட்டும். மாடுகள் அதை மேயும். கோடையில் அதுவும் கருகித் தரை வெளுத்துவிடும். இத்தகைய நிலத்தையே தமிழில் களர் என்கிறோம். இந்தியாவில் இவ்வகைக் களர் சுமார் 37 லட்சம் ஹெக்டேர் எனக் கணக்கிடப்பட்டிருக்கின்றது. அதில் ஏறக்குறைய மூன்றரை லட்சம் ஹெக்டேர் தமிழ்நாட்டிலேயே உள்ளதாகையால், வடக்கே நடந்த திருத்த வேலையை இங்குள்ள சங்க அங்கத்தினர்களும் அறிந்துகொள்வது அவசியம்.

களர் உண்டாகும் விதத்தை முதலில் பார்ப்போம். மலைப்பாறைகள் சிதையும்போது அவற்றிலுள்ள சோடியமும் சுண்ணாம்பும் நீரில் கரைந்து ஆற்றோடு வருகின்றன. மழை மிகுந்த நாடாயின் அவை கடலுக்குப் போய்விடும். ஆனால் வருஷத்திற்கு 550 முதல் 900 மில்லிமீட்டர் வரையில் மட்டும், அதுவும் மூன்று மாதத்திற்குள், மழை பெய்யும் இப்பிரதேசத்தில், வெள்ளநீர் தாழ்ந்த இடங்களில் தேங்கி, பின் எட்டுமாத வெயிலில் வற்றுகின்றது. இப்படி ஆண்டுக்காண்டு நனைந்தும் காய்ந்தும் வருகையில், சுண்ணாம்பு எளிதில் கரையாத கார்பொனேட்டாகப் பிரிந்து கீழே தங்கிவிடுகின்றது. சுமார் ஒரு மீட்டர் ஆழத்தில் தோண்டினால் கட்டிகட்டியாக அகப்படும் கங்கர் என்னும் சுக்கான்கல் இதுவே. சோடியம் மட்டும் மண்கரைசலில் மிஞ்சி, களிமண் துகள்களின் மேல் சுண்ணாம்பு இருந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றது. களரின் தீமை முழுவதற்கும் இந்த இடமாற்றமே மூலம்.

சுண்ணாம்பு பற்றியிருக்கும் களிமண் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பொலபொலவென்று இருக்கும். இடையே காற்றும் நீரும் செல்லும். சோடியம் பற்றினாலோ துகள்கள் தனித்தனியே பிரிந்து, நீர் பட்டவுடன் சேறாகக் கரைந்து, மண்ணின் கண்களை அடைத்துவிடுகின்றன. ஆகவே மேலே நீர் குளம்போல் நிற்கும்போதே ஒரு முழத்திற்குக் கீழ் மண் காய்ந்திருப்பதைக் காணலாம். காய்ந்தபின் ஏர் ஏறாத இறுக்கம் ஏற்படுகின்றது. மண்ணிலுள்ள மக்கும் காரத்தில் கரைந்து மேலே வந்து காய்வதால், சில இடங்களில் தரை எண்ணெய் கொட்டினாற்போல் கறுத்திருக்கும். கார அளவு (pH என்று எழுதப்படும் குறி) 10க்கு மேலும் போகின்றது. இவ்வளவு காரத்தில் துத்தநாகச் சத்து பயிருக்குக் கிட்டாது. இடும் தழைச்சத்து உரத்திலும் ஒரு பங்கு அம்மோனியா ஆவியாகப் போய்விடுகின்றது.

இங்கே ஒரு குழப்பத்தை நீக்கவேண்டும். உவர்நிலம் வேறு, களர்நிலம் வேறு. உவரில் சாதாரண உப்புகள் மிகுதி. மண்ணின் கட்டுக்கோப்பு கெட்டிராது. வடிகால் வெட்டி நல்ல நீர் பாய்ச்சினால் உப்புக் கழுவப்பட்டுப் போகும். களரில் கரையும் உப்பு அவ்வளவு மிகுதியில்லை. துகளில் பற்றியுள்ள சோடியமே மிகுதி. அதை வெறும் நீரால் கழுவ முயன்றால் எஞ்சிய உப்பும் நீங்கி மண் இன்னும் இறுகும். பார்வைக்கு இரண்டும் வெள்ளை பூத்திருப்பதாலும், வண்ணார் துணி வெளுக்க எடுக்கும் காரமண்ணுக்கே பல ஊர்களில் உவர்மண் என்று பெயர் வழங்குவதாலும், பெயரை நம்பிச் செலவு செய்வது ஆபத்து. ஒரு பிடி மண்ணைக் கண்ணாடிப் பாத்திரத்தில் மழைநீரிட்டுக் கலக்கி வைத்துப் பார்க்கலாம். உவராயின் நீர் சீக்கிரம் தெளியும். களராயின் நாட்கணக்கில் கலங்கலாகவே நிற்கும். இது அடையாளம் காண்பதற்கு மட்டுமே. எவ்வளவு மருந்து வேண்டும் என்பதை மண் பரிசோதனைச் சாலையே சொல்லவேண்டும்.

இந்த நோய் கால்வாய்ப் பாசனத்தால் பரவியதும் உண்டு. 1855இல் கர்னாலை அடுத்த முனக் கிராமத்தார், மேற்கு யமுனைக் கால்வாய் வந்தபின் தங்கள் வயல்களில் ரே என்னும் வெள்ளைக்காரம் பூப்பதாக முறையிட்டனர். அலிகார் பக்கத்திலும் அதே முறையீடு எழவே, 1876இல் சர்க்கார் இதை விசாரிக்க ஒரு கமிட்டி நியமித்தது. நிலத்தடி நீர் மட்டம் உயர்ந்ததே காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று. ஆயினும் திருத்தும் வேலை கிராமங்களில் பெரிய அளவில் நடந்தது, 1969இல் கர்னாலில் மத்திய உவர்மண் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்ட பிறகுதான். விசாரணைக்கும் வேலைக்கும் இடையே ஏறக்குறைய நூறு வருஷம் சென்றுவிட்டது!

திருத்தும் முறையின் சாரம் இது: சோடியத்தைப் பெயர்த்து அவ்விடத்தில் மீண்டும் சுண்ணாம்பை ஏற்றவேண்டும். மண்ணில் சுக்கான் ஏராளமாயிருந்தும் அது காரத்தில் கரையாததால் பயன்படுவதில்லை. ஆகையால் சற்றே கரையக்கூடிய ஜிப்சம் இடப்படுகின்றது. பெயர்ந்த சோடியம் சல்பேட்டாக மாறி நீரோடு கீழே இறங்கும். கொடிய களருக்கு ஏக்கருக்கு 4 முதல் 6 டன் வரை தேவைப்படலாம். இதைக் கேட்டதும் விவசாயி மலைப்பது இயல்பே. ஆனால் நிலம் முழு ஆழத்திற்கும் ஒரேயடியாகத் திருந்தவேண்டியதில்லை. மேல் அரையடி மண்ணுக்குக் கணக்கிட்ட தேவையில் பாதியளவே நெல் தொடங்கப் போதும் என்று கர்னால் அனுபவத்தில் கண்டிருக்கின்றனர்.

வேலையின் வரிசை தவறலாகாது. மழைக்கு முன்பே நிலத்தைச் சமன்செய்து, சுற்றிலும் உறுதியான வரப்பு போட்டு, வடிகால் வெட்டவேண்டும். சமமில்லாத வயலில் நீர் ஒருபுறமே நிற்பதால் மறுபுறம் களராகவே இருந்துவிடும். ஜிப்சத்தை நன்றாகப் பொடித்து, சீராகத் தூவி, மேல் நான்கு அங்குலத்திற்குள் கலக்கவேண்டும்; ஆழ உழுது கலந்தால் மருந்து பரவிப் பலன் குறையும். பிறகு பத்து நாளாவது நீரைத் தேக்கி, அதன்பின் நடவு செய்யவேண்டும்.

முதற்பயிர் நெல்லாகவே இருக்கட்டும். நெல் தேங்கும் நீரைப் பொறுப்பதோடு, அதன் வேர் விடும் கரியமிலவாயு மண்ணிலுள்ள சுக்கானையும் சிறிது சிறிதாகக் கரைத்துத் திருத்தத்திற்கு உதவுகின்றது. கடலை, பயறு முதலியவை களரைத் தாங்கா. கர்னாலில் கண்ட சிஎஸ்ஆர் 10, திருச்சியில் கண்ட டிஆர்ஒய் 1 ஆகிய நெல் ரகங்கள் இதற்கென்றே ஏற்பட்டவை. 30 நாளுக்குமேல் வளர்ந்த நாற்றாக, குத்துக்கு மூன்று நான்கு வைத்து நடுவது நன்று. ஏக்கருக்குப் பத்து கிலோ துத்தநாக சல்பேட் இடாவிட்டால் இலை பழுத்து விளைச்சல் கெடும். அறுவடைக்குப்பின் வடக்கே கோதுமை விதைப்பர். கோடையில் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவர். முதல் சில வருஷங்களில் நிலத்தைத் தரிசாக விட்டால் கீழே போன சோடியம் ஆவியோடு மேலே ஏறிவிடும். செலவு செய்ய வழியே இல்லாத நிலமாயின் கர்னால் புல் விதைத்து மேய்ச்சலுக்கு விடலாம். அல்லது சுக்கான் அடுக்கைத் துளைத்துக் குழி போட்டு, ஜிப்சமும் எருவும் நிரப்பிக் கருவேலம் வைக்கலாம்.

இந்த வேலை தனியொருவனால் ஆவதன்று. ஒருவன் வயலிலிருந்து வடியும் காரநீர் அடுத்தவன் வயலில் நின்றால் இருவர் பாடும் வீண். வடிகாலும் ஆழ்கிணறும் பொதுவாயிருக்கவேண்டும். உத்தரப் பிரதேசத்தில் 1993இல் தொடங்கிய திருத்தத் திட்டத்திலும், அண்டை நிலக்காரர்கள் சிறு குழுக்களாகச் சேர்ந்து ஒரே கிணற்றையும் எஞ்சினையும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடே கைக்கொள்ளப்பட்டது. இதில் சங்கங்கள் கவனிக்கவேண்டியது, கடனைத் துண்டுதுண்டாகக் கொடாமையே. ஜிப்சத்திற்கு மட்டும் பணம் கொடுத்து, வரப்புக்கும் வடிகாலுக்கும் கொடாவிட்டால், மருந்து மழையில் அடித்துப்போகும். கடன் மட்டும் நிற்கும். முழு வேலைக்கும் கொடுக்க இயலாத வருஷத்தில் பரப்பைக் குறைத்துக்கொள்வதே மேல். மனுவோடு மண் பரிசோதனைச் சீட்டைக் கேட்பதும், மழை தொடங்குமுன் வரப்பு வேலை முடிந்ததைப் பஞ்சாயத்தார் நேரில் பார்ப்பதும் நல்ல வழக்கம்.

மண்ணோடு கிணற்று நீரையும் பரிசோதிக்கவேண்டும். நீரில் மிஞ்சிய சோடியம் கார்பொனேட் லிட்டருக்கு 2.5 மில்லி ஈக்விவலென்ட்டுக்கு மேலிருந்தால், திருந்திய நிலமும் சில வருஷங்களில் பழையபடி களராகும். அத்தகைய நீரையே நம்பியிருப்பவர்கள், பாயும் வாய்க்காலில் ஜிப்சக் கட்டிகளைப் படுகையாக அடுக்கி, அதன்மேல் நீரை ஓடவிட்டுப் பாய்ச்சவேண்டும். கட்டிகள் கரைந்து குறையும்போது மீண்டும் நிரப்பவேண்டும்.