முதுகுப்பையோடு கடல் கடக்குமுன்

எங்கள் பக்கத்தில் வெளிநாடு புதுசல்ல. கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று எந்த ஊரில் கேட்டாலும் மலேசியாவிலோ துபாயிலோ ஒரு மாமா இருப்பார். ஆனால் போனவர்கள் எல்லாம் பிழைக்கப் போனவர்கள். அட்டைப்பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டு போனவர்கள். சும்மா ஊர் சுற்ற இரண்டு மூன்று மாதம் பையோடு கிளம்புவது இப்போது வந்த பழக்கம். சிக்கலும் அங்கேதான். நீங்கள் ஊர் சுற்றத்தான் போகிறீர்கள். குடியேற்றக் கவுண்டரில் இருப்பவர் கண்ணுக்கோ வேலை தேடிப் போகிறவராகவே படுவீர்கள்.

செய்ய வேண்டியவை

• பாஸ்போர்ட்டில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறது என்று இன்றே எடுத்துப் பாருங்கள். நமக்கு ஒரு பெயர், ஓர் இனிஷியல், அவ்வளவுதான். குடும்பப்பெயர் கட்டம் காலியாகவே இருக்கும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா கிடையாது என்றது. கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்போம் என்று பிறகு இளக்கியது. இனிஷியலை விரித்து அப்பா பெயரோடு மறுபடி பாஸ்போர்ட் எடுத்துவிடுவது நல்லது. டிக்கெட்டிலும் அதே எழுத்து, அதே வரிசை.

• பாஸ்போர்ட்டுக்கு ஆறு மாத ஆயுள் வேண்டும் என்ற விதியை, கடைசியாக நுழையும் நாட்டிலிருந்து கணக்கிடுங்கள். மூன்று மாதச் சுற்று என்றால் கிளம்பும்போது ஒன்பது மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும்.

• முதல் பயணம் இலங்கையாக இருக்கட்டும். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் முப்பது கிலோமீட்டர் அளவுதான். 1964 டிசம்பர் புயல்வரை போட்மெயில் ரயிலில் வந்து இறங்கி, தனுஷ்கோடியில் கப்பல் ஏறி, அந்தக் கரையில் கொழும்பு ரயிலைப் பிடித்தார்கள். இன்று அந்த வழி இல்லை. மதுரையிலிருந்து விமானம், அல்லது நாகப்பட்டினம் போய்க் காங்கேசன்துறைக் கப்பல். 2023 அக்டோபரில் தொடங்கி நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கிய கப்பல் அது. ஐப்பசி, கார்த்திகையில் அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். வடகிழக்குப் பருவத்தில் கடல் விடாது. இலங்கைக்கான மின்னணு அனுமதியை முன்கூட்டியே வாங்குங்கள். இணைய முகவரி ஜிஓவி டாட் எல்கே என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அசலைப் போலவே முகப்பு வைத்து அதிகம் பிடுங்கும் தளங்கள் உண்டு.

• திரும்பும் டிக்கெட், முதல் சில இரவுகளுக்கான அறைப்பதிவு, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைக் காகிதத்தில் அச்சடித்துக் கையில் வையுங்கள். 2023 டிசம்பர் முதல் மலேசியா நமக்கு 30 நாள் விசா விலக்கு தருகிறது. விசா இல்லை என்பதால் கேள்வியும் இல்லை என்று ஆகாது. விசாவுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டியதையெல்லாம் கவுண்டரில் வைத்துக் கேட்பார்கள்.

• மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து மூன்றுக்கும் வருகை அட்டையைப் போய் இறங்குவதற்கு மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். மூன்றும் இலவசம். பணம் கேட்டால் அது அசல் தளமில்லை.

• பை ஏழு கிலோவுக்குள். மலிவு விமானங்களில் கூட ஏறும் ஒவ்வொரு கிலோவுக்கும் காசு. மூன்று சட்டை, ஒரு கைலி, ஈரிழைத் துண்டு. கைலியை விடாதீர்கள், போர்வை, திரை, உடைமாற்றும் அறை எல்லாம் அதுவே.

செய்யக்கூடாதவை

• பார்சல் வாங்காதீர்கள். இதை நான்கு முறை எழுதலாம். கிளம்புவதற்கு முந்தின நாள் தெருவில் எல்லோரும் வருவார்கள்: அங்கே எங்க மச்சானிடம் கொடுத்துடு, வெறும் மசாலாதான். அந்த மசாலாவில்தான் கசகசா இருக்கும். குருமாவுக்குப் போடும் கசகசா வளைகுடா நாடுகளில் போதைப்பொருள் கணக்கு. சிங்கப்பூரிலும் விளையாட்டுக் காரியமல்ல. என் முதல் பயணத்தில் சின்னம்மா அரைத்துத் தந்த பொடியில் என்னென்ன போட்டீர்கள் என்று கேட்டதற்காக அவர் ஒரு வாரம் பேசவில்லை. கசகசா போட்டிருந்தார்தான். மாத்திரையும் அப்படியே. டிரமடால், கோடீன் சேர்ந்த இருமல் மருந்து எல்லாம் வளைகுடாவில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. உங்கள் சொந்த மாத்திரை என்றாலும் டாக்டர் சீட்டு இல்லாமல் வேண்டாம்.

• பட்டச் சான்றிதழையும் பயோடேட்டாவையும் பையில் போடாதீர்கள். சுற்றுலாப் பயணிக்கு அவை எதற்கு என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. போன இடத்தில் ‘கம்ப்யூட்டர் வேலை, நல்ல சம்பளம்’ என்று யாராவது பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். தாய்லாந்து வழியாக மியன்மாரின் மியாவடிக்குக் கொண்டுபோய் இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டு, 2022-ல் மீட்கப்பட்டவர்களில் தமிழர்களும் இருந்தார்கள்.

• மலேசியாவுக்கு விசா வேண்டாமே, ஜொகூர்ப் பாலம் தாண்டிச் சிங்கப்பூரையும் எட்டிப் பார்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அதற்கு விசா வேண்டும். மலேசியா தரும் 30 நாள் என்பதும் ஒரு மாதமல்ல. இறங்கிய நாளும் கணக்கில் சேரும். 28-ஆம் நாள் வெளியே வந்துவிடுங்கள்.

• பவர்பேங்கைச் செக்-இன் பையில் வைக்காதீர்கள், கைப்பையில்தான். 20,000 மில்லி ஆம்பியர் அளவுவரை பொதுவாகச் சிக்கலில்லை.

• ராமேசுவரத்து அக்னி தீர்த்தக் கடையில் வாங்கிய பவளத் துண்டை அன்பளிப்பாக எடுத்துப் போகாதீர்கள். பவளமும் கடல் குதிரையும் கடல் அட்டையும் 2001-ல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை.

• இலங்கையில் புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிச் செல்ஃபி வேண்டாம். 2014-ல் கையில் புத்தரைப் பச்சை குத்தியிருந்த பிரிட்டன் பெண்ணைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

• தெரிந்தவர் படகு இருக்கிறது என்று யார் சொன்னாலும் ஏறாதீர்கள். எங்கள் கரையிலிருந்து பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமல் போக முடிகிற அயல்நாட்டு மண் கச்சத்தீவு ஒன்றுதான். அதுவும் 1974 ஒப்பந்தப்படி, அந்தோணியார் திருவிழாவுக்கு, முன்பே பெயர் பதிந்து. மறுநாள் பூசை முடிந்ததும் படகு திரும்பிவிடும். ஒரு போர்வை எடுத்துக்கொள்ளுங்கள், ராத்திரி மணலில்தான் படுக்கை.