கிங்ஸ்டவுனும் புழலும்: ஒரு சின்ன ஜாமீன் கணக்கு

ஹாஸ்டலில் 'மேயர் ஆஃப் கிங்ஸ்டவுன்' பார்க்காத ஆள் குறைவு. 2021-ல் வந்த அமெரிக்க சீரிஸ். அந்த ஊருக்குத் தொழிலே சிறைதான். கைதி, காவலர், ரவுடி என எல்லோருக்கும் நடுவில் பேரம் பேசி முடிக்கிறவர்தான் ஹீரோ மைக்.

அது கற்பனை ஊர். ஆனா கும்மிடிப்பூண்டியிலிருந்து ஜி.என்.டி. ரோட்டில் சென்னைக்குப் போனால், செங்குன்றம் தாண்டினதும் நிஜமாகவே ஒரு சிறை வளாகம் வரும்: புழல்.

சென்ட்ரலிலிருந்து புழலுக்கு

1837-ல் தொடங்கிய சென்னை மத்திய சிறை, சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்தது. 1999 நவம்பரில் அங்கே நடந்த கலவரத்தைத்தான் 'சொர்க்கவாசல்' படம் (2024) தழுவியது. 2006-ல் சிறை புழலுக்கு மாறியது. தண்டனைக் கைதிகளுக்கு ஒன்று, விசாரணைக் கைதிகளுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என மூன்று சிறைகள். 2023-ல் பெண் கைதிகளே நடத்தும் பெட்ரோல் பங்க்கும் இங்கே வந்தது.

உள்ளே இருப்பது யார்?

சீரிஸில் உள்ளே இருக்கிறவங்க பெரும்பாலும் கேங் ஆட்கள். இங்கே நிலைமை வேற. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி, இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் 75.8 சதவீதம் பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நாலில் மூணு பேர் மேல் குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை.

கணக்கு இதுதான்

2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 479-வது பிரிவு சொல்வது: அதிகபட்ச தண்டனையில் பாதிக் காலம் உள்ளே இருந்துவிட்டால் ஜாமீன். முன்பு எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவர் என்றால் மூன்றில் ஒரு பங்கே போதும்.

உதாரணம், சாதாரண திருட்டு. அதிகபட்சம் 3 ஆண்டு, அதாவது 36 மாதம். 36 ÷ 3 = 12 மாதம். அது முடிந்ததும் நீதிமன்றத்தில் மனு போட வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை.

விதிவிலக்கு உண்டு: மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேல் வழக்கு நிலுவையில் இருந்தாலும் இந்தப் பிரிவில் ஜாமீன் இல்லை.

நமக்கென்ன?

சிப்காட்டில் வேலை செய்யும் ஒரு பீகார் பையனை நினைச்சுப் பாருங்க. ஜாமீன் கிடைச்சாலும் கையெழுத்துப் போட ஜாமீன்தாரர் இரண்டு பேர் வேணும்னு கோர்ட் கேட்கலாம். இந்த ஊரில் அவனுக்கு யாரைத் தெரியும்? ஊரிலிருந்து அம்மா வந்து மனு போட்டுப் பார்க்கணும்னாலே ரெண்டு நாள் ரயில்.

இவனுக்குத் தேவை மைக் மாதிரி ஒரு புரோக்கர் இல்லை, ஒரு வக்கீல். காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வக்கீல் கேட்கலாம். உதவி எண் 15100.

அடுத்த எபிசோட் பார்க்கும் முன்னாடி அந்த நம்பரை போனில் சேவ் பண்ணிடுங்க. யாருக்காவது தேவைப்படும்.